முதியோர் கையில் கைத்தொலைபேசி



பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் எங்களிடையே பலர். பேரப்பிள்ளையின் முகத்தை அவர்கள் கைத்தொலைபேசியிலேதான் காண்கிறார்கள். வங்கிக் கணக்கும் மின்சாரக் கட்டணமும் படிப்படியாக அதற்குள் போகின்றன. ஆகவே அதைக் கையாள இயலாத முதியவர், தம் காரியத்தைத் தாமே பார்க்கும் உரிமையையும் சிறிது சிறிதாக இழக்கிறார்.

"வயது போனால் இதெல்லாம் ஏறாது" என்று சொல்லிவிடுகிறோம். அது சரிதானா? பல வேளைகளில் தடை அறிவில் இல்லை. உடலுக்கும் கருவிக்கும் இடையிலே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்: 40 வயதின் பின் கண்வில்லை இறுகுவதால் வெள்ளெழுத்து வருகிறது. கருவியின் 'அமைப்புகள்' பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். மங்கல் எழுத்தும் ஒரு தடையே. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்கவேண்டுமென 2008இல் வெளியான அனைத்துலக இணைய நெறிமுறை கூறுகிறது. இணையத்தளம் அமைக்கும் எங்கள் இளைஞர் இதை மனதிற் கொள்வார்களாக.

விரல்: தொடுதிரை உணர்வது அழுத்தத்தை அன்று, தோல் மின்னைக் கடத்துவதையே. முதுமையில் தோல் உலர்வதால், தொட்டும் சிலவேளை பதில் வராது. முதியவர் நெடுநேரம் அழுத்துவார். கருவி அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அழுத்தும் நேரத்தை நீட்டிவைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு.

காது: உயர்ந்த சுருதி ஒலிகளே முதலிற் கேளாமற் போகும். கீச்சிடும் மணியை மாற்றித் தாழ்ந்த சுருதி மணியை வையுங்கள், அதிர்வையும் சேருங்கள்.

மொழி: கருவியின் மொழியைத் தமிழாக்கலாம். தமிழிற் பேசினால் எழுத்தாக்கித் தரும் கூகுள் வசதியும் 2017இல் வந்துவிட்டது.

இனிக் கற்பிக்கும் முறை. கருவியைப் பறித்து, "இப்படித்தான்" என்று தாமே செய்து முடிக்கும் பிள்ளை கற்பிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு காரியம் போதும். படிகளை அம்மாவோ அப்பாவோ தம் கையால் கொப்பியில் எழுதட்டும். மறுநாள் தாமே செய்து காட்டட்டும். மறந்தால் முகஞ் சுளியாமல் மறுபடி சொல்லுங்கள். உங்களுக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தவர்கள் எத்தனை முறை சொன்னார்கள்?

காவலும் வேண்டும். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் கொடுக்கலாகாது. ஐயம் வந்தால் அழைப்பைத் துண்டித்து, வங்கிக்குத் தாமே அழைத்துக் கேட்கலாம்.

எல்லா முதியோராலும் இது இயலாது. அவர்களுக்காக அலுவலகங்களிற் கடதாசிப் படிவமும், ஆள் இருந்து பதில் சொல்லும் கருமபீடமும் நிலைக்கவேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதும் எங்கள் கடமையே.

இவ்வாரம் செய்ய: உங்கள் வீட்டு முதியவரின் கருவியில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பின்பு, "எதை முதலிற் பழக விருப்பம்?" என்று அவரிடமே கேளுங்கள்.