இணையவழிப் பேச்சும் குடியானவர் குடும்பமும்

பயிர்த்தொழில் ஒருவர் தனித்துச் செய்துவிடக்கூடிய தொழில் அன்று. விதை, எரு, தண்ணீர், ஆள், விற்பனை ஆகிய ஒவ்வொன்றையும் பற்றிக் குடியானவர் பிறருடன் கலந்து பேசியே தீரவேண்டும். முன்னாளில் இதன்பொருட்டு அரைநாள் வேலையை விட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். இப்பொழுது கைப்பேசியில் இணையத்தின் வழியாகக் குரலையும் உருவத்தையும் ஒருங்கே அனுப்பும் வசதி கிராமங்களுக்கும் வந்திருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களில், வெளிநாட்டில் உழைக்கும் கணவருடனும் பிள்ளைகளுடனும் இவ்விதம் பேசிக் குடும்பத்தையும் பண்ணையையும் ஒருசேர நடத்துவோர் பலர்.

இச்சாதனம் மிகவும் மலிவானது. மலிவாயிருப்பதனாலேயே முன்யோசனையின்றிப் பேசுவதும், பேசியதை எழுதிவைக்காமல் விடுவதும் எளிதில் வழக்கமாகிவிடுகின்றன. இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. அழைக்குமுன் ஆயத்தமும், அழைத்தபின் எழுத்தும் இருக்குமாயின் இதே சாதனம் பெரும் பயன் தரும். அதற்கான முறைகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

வேலைசெய்யும் விதம்

இணையவழிப் பேச்சுக்கான மென்பொருளை இஸ்ரேல் தேசத்து வோகல்டெக் கம்பெனி 1995ஆம் வருஷத்தில் வெளியிட்டது. ஸ்கைப் 2003இல் தோன்றியது. 2009இல் ஆரம்பிக்கப்பட்ட வாட்ஸ்அப், 2015இல் குரலழைப்பையும் 2016இல் காட்சி அழைப்பையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் 2016க்குப்பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தபடியால் இவ்வழக்கம் கிராமங்களிலும் விரைவாகப் பரவிற்று.

பழைய தொலைபேசியில் இரு முனைகளுக்கும் இடையே ஒரு வழி முழுவதும் அந்தப் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இணையத்தில் அவ்விதமன்று. குரல் எண்களாக மாற்றப்பட்டு, வழக்கமாக ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துப் பேச்சு ஒவ்வொரு சிறு பொட்டலமாகக் கட்டி அனுப்பப்படுகிறது. களத்து நெல்லை ஒரே வண்டியில் ஏற்றாமல், சிறு மூட்டைகளாகப் பல வண்டிகளில் அனுப்புவதற்கு இதை ஒப்பிடலாம். சில மூட்டைகள் பிந்தி வரும். சில வழியில் தவறிப்போகும். பிந்தி வந்த பேச்சினால் பிரயோஜனமில்லையாதலால் செயலி அதைத் தள்ளிவிடும். அப்பொழுதுதான் குரல் அறுபட்டுக் கேட்கிறது. சிக்னல் குறைந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லி, ஒரு கணம் பொறுத்து, மறுமொழி கேட்டபின் அடுத்ததைச் சொல்லுதல் நலம். அளவையும் விலையையும் இருமுறை சொல்லுதல் அவசியம். குரல் அறுபட்டால் பதினைந்து என்பது பதினெட்டு என்று மாறிக் கேட்கக்கூடும்.

குரலழைப்புக்கு நிமிஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய அரை மெகாபைட் டேட்டா செலவாகும். காட்சி அழைப்புக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். முகம் காணவேண்டிய அவசியமில்லாத பேச்சில் காட்சியை நிறுத்திவிட்டால் குரல் தெளிவுபடும்.

நோயுற்ற பயிரைக் காட்டுதல்

காட்சி அழைப்பினால் குடியானவருக்குள்ள முக்கியமான அனுகூலம், வயலில் நின்றபடியே வேளாண்மை அலுவலருக்குப் பயிரைக் காட்டக்கூடுமென்பதே. ஆயினும் தவறாகக் காட்டினால் தவறான பரிகாரமே கிடைக்கும். நெற்பயிர் மஞ்சளாவதை எடுத்துக்கொள்வோம். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். துத்தநாகச் சத்துக் குறைந்தால் நடவுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றும். துங்ரோ என்னும் நச்சுயிரி நோயில் இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிப் பயிர் குட்டையாய் நின்றுவிடும். இதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. புகையான் விழுந்த வயலில் பயிர் வட்டவட்டமாக மஞ்சளாகிக் கருகும். பூச்சியோ தூரின் அடியில், தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாயிருக்கும்.

வரப்பின்மேல் நின்று கைப்பேசியைக் காட்டினால் மேற்சொன்ன நான்கும் ஒரே மஞ்சளாகவே தெரியும். புகையானைச் சத்துக்குறைவென்று எண்ணி யூரியாவை மேலும் இட்டால், மிகுந்த தழைச்சத்தினால் அப்பூச்சி இன்னும் பெருகும். சில நாட்களுக்குள் வயலின் பெரும்பகுதி போய்விடக்கூடும். ஆதலால் கீழ்க்கண்டவாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அழைக்குமுன் வயலினுள் இறங்கி நாலைந்து இடங்களில் தூர்களை விலக்கி அடியைப் பார்க்கவேண்டும். ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவி வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, நிழற்படங்களை முன்கூட்டியே அனுப்பவேண்டும். சிக்னல் குறைந்தால் செயலி காட்சியின் கூர்மையைத் தானே குறைத்துவிடும். சிறு பூச்சியும் புள்ளியும் மறைந்துபோகும். நின்ற படத்திற்கு இக்குறை குறைவு. படத்தை ஆவணமாக அனுப்பினால் அது சுருங்காமல் சென்று சேரும். வயல் முழுவதும் ஒரு படம், ஒரு தூர் ஒரு படம், இலையின் மேற்புறமும் அடிப்புறமும் இரண்டு படங்கள், தூரின் அடி ஒரு படம் என்று ஐந்து படங்கள் போதும். இலையை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, காலை வெளிச்சத்தில் எடுத்தல் நல்லது. மாலை வெயிலில் பச்சை இலையும் மஞ்சளாய்த் தோன்றும்.

மூன்றாவது, ரகம், நட்ட தேதி, இட்ட உரமும் அளவும், அடித்த மருந்து, தண்ணீர் நிலை, நூறு தூர்களில் எத்தனை பழுதுபட்டன என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு பேசவேண்டும்.

நான்காவது, அலுவலர் கூறும் பரிகாரத்தை எழுத்தில் அனுப்புமாறு கேட்டுப் பெறவேண்டும். மருந்தின் பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அளவிலும் ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா என்ற சந்தேகம் எழும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். துத்தநாகக் குறைவுக்குச் சிபார்சு செய்யப்படும் 25 கிலோ துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு உரியது. ஏக்கருக்கு 10 கிலோவே ஆகும். இதைக் காதால் மட்டும் கேட்டவர் இரண்டரை மடங்கு செலவு செய்ய நேரும்.

அலுவலர் அகப்படாத வேளையில், 2004ஆம் வருஷம் முதல் நடைபெறும் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். இதற்குச் சாதாரண அழைப்பே போதும், இணையம் வேண்டியதில்லை.

விலை பேசுதல்

வியாபாரிக்குச் சரக்கைக் காட்டி விலை கேட்பதற்கும் இச்சாதனம் ஏற்றதே. ஒரே நாளில் மூன்று ஊர் விலைகளைக் கேட்டறிந்தபின் சரக்கை அனுப்பலாம். ஆனால் செயலியில் பேசிய பேச்சு எங்கும் பதிவாகி நிற்பதில்லை. மூட்டை 1,500 ரூபாய் என்று பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். குடியானவர் 60 கிலோ மூட்டையை நினைக்க, வாங்குபவர் 75 கிலோ மூட்டையை நினைத்தால், முன்னவர் கணக்கில் கிலோ 25 ரூபாய். பின்னவர் கணக்கில் 20 ரூபாய். நூறு மூட்டைக்கு 1,500 கிலோ நெல் வித்தியாசப்படும். இதில் இருவரும் பொய் சொல்லவில்லை; பேச்சில் அளவு விடுபட்டதுதான் காரணம்.

ஆகையால் பேச்சு முடிந்தவுடன், சரக்கின் பெயர், ரகம், கிலோக்கணக்கில் எடை, கிலோவுக்கு விலை, ஏற்றுகூலி யாருடையது, தரகு எவ்வளவு, பணம் வரவேண்டிய தேதி ஆகிய ஏழையும் எழுதி அனுப்பி, மறுமுனையிலிருந்து சம்மதம் எழுத்தில் வந்தபிறகே வண்டியில் ஏற்றவேண்டும்.

தூரதேசத்திலுள்ள குடும்பத்தாருடன்

வெளிநாட்டிலிருப்பவரை அழைக்குமுன் அவ்விடத்து நேரத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியது. சவூதி அரேபியா, குவைத், கத்தார் ஆகியவை இரண்டரை மணி பின்தங்கியவை. சிங்கப்பூர் இரண்டரை மணி முந்தியது. அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகளின் மூலமே இணையவழிப் பேச்சு நடைபெறலாம். வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரற்பதிவும் செல்லும், அழைப்பு செல்லாது. மறைவழிச் செயலிகளைக் கொண்டு இத்தடையை மீறுவது அங்கே வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும். பிள்ளை அழைக்கவில்லையே என்று மனம் நோகுமுன் இதையும் பெற்றோர் நினைவில் கொள்ளல் தகும்.

கணவர் வெளிநாட்டிலும் மனைவி வயலிலுமாக இருக்கும் வீடுகளில் மற்றொரு விஷயம் கவனிக்கற்பாலது. காட்சி அழைப்பில் வயலைக் கண்டவர், தாமே வரப்பில் நிற்பதாக எண்ணி, தண்ணீர் வைக்கவும் மருந்தடிக்கவும் அங்கிருந்தே உத்தரவிட முற்படுவது உண்டு. மண்ணின் ஈரமும், காற்றின் போக்கும், ஆள் கிடைக்கும் நிலையும் கைப்பேசியில் தெரியமாட்டா. பணத்தையும் பெருஞ் செலவையும் இருவரும் கலந்து தீர்மானிக்கலாம். அன்றாட வேலையை வயலில் நிற்பவரே தீர்மானிப்பதுதான் பயிருக்கும் குடும்பத்திற்கும் நல்லது. பேச்சு முழுவதும் கணக்காகவே போய்விடாமல், குழந்தைகள் தந்தையுடன் பேச நேரம் ஒதுக்குவதும் வேண்டும். வாரத்தில் ஒருநாள் பண்ணைக் கணக்குக்கு என்றும், மற்ற நாட்கள் குடும்பப் பேச்சுக்கு என்றும் பிரித்துக்கொண்டால் இரண்டும் கெடாமல் நடக்கும்.

வஞ்சகரிடம் எச்சரிக்கை

வாட்ஸ்அப் பேச்சை வழியில் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி 2016 முதல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பேச்சு இரகசியமாயிருப்பது வேறு. பேசுகிறவர் இன்னாரென்று மெய்ப்படுவது வேறு. போலீஸ் உடுப்பணிந்து காட்சி அழைப்பில் தோன்றி, “டிஜிட்டல் கைது” செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தாரைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் எச்சரித்தார். காட்சி அழைப்பில் கைது செய்ய எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. பிள்ளையின் குரலைப்போலவே இயந்திரத்தால் குரல் செய்து, விபத்து நேர்ந்ததென்று பணம் கேட்கவும் இக்காலத்தில் கூடும்.

பணம் கேட்டு எந்த அழைப்பு வந்தாலும் அதைத் துண்டித்துவிட்டு, முன்பே குறித்துவைத்துள்ள எண்ணில் தாமே அழைத்துக் கேட்கவேண்டும். குடும்பத்தார் மட்டுமே அறிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுதலும் நன்று. திரையைப் பகிரும்படி அந்நியர் கேட்டால் இசையலாகாது. யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டியதே இல்லை. இடச்சொல்பவர் பணத்தை எடுக்கவே சொல்கிறார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் உடனே அறிவிக்கவேண்டும். நேரம் செல்லச்செல்லப் பணம் கைமாறிப் போய்விடும்.

இணையம் அற்றுப்போகும் காலம்

2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரணியம் பகுதிகளில் கரை கடந்தபொழுது மின்சாரமும் கோபுரங்களும் பழுதுபட்டு, டெல்டாவின் பல ஊர்கள் நாட்கணக்கில் தொடர்பின்றி இருந்தன. கரையோர ஜில்லாக்களிலுள்ளவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு முன்னரே, தொடர்பு அற்றால் எந்த உறவினரிடம் செய்தி சொல்வது என்று வெளிநாட்டிலிருப்பவருடன் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

செயலிகளும் நிலையானவை அல்ல. இருபது வருஷங்களுக்கு மேல் பெயர்பெற்று விளங்கிய ஸ்கைப் 2025 மே மாதம் 5ஆம் தேதி நிறுத்தப்பட்டது. எண்களைச் செயலியில் மட்டும் வைத்திராமல் கணக்கு நோட்டின் முதற்பக்கத்திலும் எழுதிவைத்தல் வேண்டும். பாம்புக்கடி, மருந்து விஷம், பிரசவ வேதனை முதலிய ஆபத்துக்களில் 108ஐ அழைக்கச் சாதாரண அழைப்பே உதவும். வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை அழைக்க இயலாது. ஆகையால் இணையம் இருக்கிறதென்று சாதாரண அழைப்புக்கான கட்டணத்தை விட்டுவிடலாகாது.

நல்ல ஏர் இருந்தாலும் பருவமும் ஆழமும் அறிந்து உழுதால்தான் பயன் உண்டு. இணையவழிப் பேச்சும் அத்தன்மையதே. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பென்சிலும், அழைக்குமுன் பத்து நிமிஷ ஆயத்தமும் இதற்கு வேண்டிய கூடுதல் முதல். இவ்வளவு சிறிய முதலைக் கொண்டு பயிரையும் பணத்தையும் காத்துக்கொள்ளக் கூடுமாதலால், குடியானவர்கள் இவ்வழக்கத்தை வருகிற சாகுபடிப் பருவத்திலேயே கைக்கொள்வார்களாக.