வாரத்தின் சமையலும் கவனிப்பவரின் தட்டும்

தாம்பரத்தை அடுத்துள்ள ரயில் நிலையத்திற்குச் சானடோரியம் என்று பெயர் வந்த காரணத்தை அவ்வழியே நாள்தோறும் பயணம் செய்வோரில் பலர் அறியார். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனையே அப்பெயருக்கு மூலம். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பியிருந்தனர்.

மருந்து வந்தபின் நிலை மாறியது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் நிறுவப்பட்ட ஆய்வு மையம், ஒரே மருந்தை ஓராண்டுக்காலம் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் கொடுத்து ஒப்பிட்டது. வீடுகள் நெரிசலானவை; அங்கு உணவும் குறைவு. ஆயினும் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என 1959இல் வெளியான அறிக்கை காட்டிற்று. நோயைத் தீர்ப்பது மருந்தே. எவ்வளவு நல்ல உணவும் ஒரு வேளை மாத்திரைக்கு ஈடாகாது. இதை முதலில் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

அந்த ஆய்விற்குப் பிறகு நோயாளியின் படுக்கை வீட்டிற்கு வந்தது. அவருக்கான சமையலும் உடன் வந்தது. அதைச் செய்பவர் பெரும்பாலும் வேலைக்குச் செல்லும் ஒருவர். மெப்ஸ் வளாகத்தில் காலை ஷிப்டு இருக்கும். அல்லது கிண்டிக்கு மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். நோயாளிக்கு முட்டையும் பருப்பும் எடுத்துவைத்துவிட்டு, தாம் ஒரு காபியோடு கிளம்பிவிடுவார். இதைத் தியாகம் என்று நாம் போற்றிப் பழகிவிட்டோம். மருத்துவ நோக்கில் அது ஆபத்து.

ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அந்தச் சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்குகொண்டது. இரு பிரிவிலும் நோயாளிகளுக்கு உணவுப்பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. கவனிப்பவர் உண்ணும் சோறும் தடுப்பு மருத்துவத்தில் சேர்ந்ததே.

ஆகவே வாரச் சமையலைத் திட்டமிடும்போது தட்டுகளை எண்ணித் தொடங்குங்கள். நோயாளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, பிறகு மற்றவர்களுக்கு. ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இட்லி மாவு அரைத்து வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கமே. அதை ஒட்டியே மற்றவற்றையும் அமைக்கலாம். சனி இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையையும் காராமணியையும் வேகவைத்துச் சிறு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். பச்சைப்பயறு முளைகட்டட்டும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, தக்காளித் தொக்கு ஆகியவை இருந்தால் ரயிலுக்கு ஓடும் நாளிலும் சோறு சோறாகவே இருக்கும். முருங்கைக்கீரையை நோயாளியே காற்றோட்டமான வராண்டாவில் அமர்ந்து ஆய்ந்து தரலாம். பல மாதங்களாகப் பிறர் கையால் உண்டுவருபவருக்கு அந்த வேலை ஓர் ஆறுதல். முட்டையை மட்டும் அன்றன்று அவித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைதான்.

சேமிப்பில் கவனம் வேண்டும். சென்னை வெயிலில் சமைத்த சோறு ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியே கிடக்கலாகாது. மீண்டும் சூடாக்கினாலும் அழியாத நஞ்சைச் சில கிருமிகள் அதில் உண்டாக்கிவிடும். ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வெந்த பயறும் குழம்பும் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேற்பட்டவை உறைபெட்டிக்குப் போகட்டும். உண்ணும் அளவை மட்டும் எடுத்து, கொதிக்கும்வரை ஒரு முறை சூடாக்குங்கள். மின்சாரம் நான்கு மணி நேரத்திற்கு மேல் நின்றிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

மீனை முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டா. சூரை, அயிலை போன்ற மீன்கள் குளிர்ச்சி குறைந்தால் அவற்றில் ஹிஸ்டமின் பெருகும். ஐசோனியாசிட் மாத்திரை அதை உடல் சிதைக்கவொட்டாமல் தடுக்கும். முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியவை தோன்றும். இலங்கையில் 1970களிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்துள்ளனர். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிடுவதே இதில் பெரிய கேடு. அப்படி நேர்ந்தால் உடனே எங்களிடம் வாருங்கள். நீரிழிவோ சிறுநீரக நோயோ உடையவர்கள் பயறு, முட்டையின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யவும்.

இவ்வளவும் ஒவ்வொரு வாரமும் நடக்காது. ஷிப்டு மாறும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஞாயிறும் அலுவலகத்திற்கே போய்விடும். அந்த வாரம் மேற்குத் தாம்பரத்தில் நாலு இட்லி வாங்கி, வீட்டுப் பொடியோடு உண்பதில் குற்றம் ஏதுமில்லை. களைத்த உடலைத் திட்டி வேலை வாங்குவதை விட, அதை உட்காரவைத்து உணவிடுவது மேல். நோயாளிகளுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம்: மெலிந்த உடலைக் கண்ணாடியில் பார்த்து வெட்கப்பட வேண்டா, தனித்தட்டு கேட்டு ஒதுங்கவும் வேண்டா. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. தட்டாலும் தம்ளராலும் பரவுவதில்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை இருமும்போது வாயை மூடி, சன்னலைத் திறந்துவைத்து, எல்லோருடனும் சேர்ந்தே உண்ணுங்கள்.

அரசின் நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. 2024 நவம்பருக்கு முன்னர் அது 500 ரூபாயாக இருந்தது. பணம் வராதவர்கள் கணக்குப் புத்தகத்துடன் மருந்து வழங்கும் இடத்தில் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது உடன் வருபவரும் எடைக்கருவியில் ஏறி நிற்கட்டும். நோயாளியின் எடைக்குக் கீழே அவருடைய எடையையும் எழுதித் தருகிறோம்.