ஓவனில் பதமாகும் நலிஸ்னிக்கி

உக்ரைன் வீடுகளில் நலிஸ்னிக்கி செய்வது இரண்டு கட்ட வேலை. மெல்லிசாக வார்த்த அப்பத்தில் இனிப்புப் பூரணம் வைத்துச் சுருட்டுவது முதல் கட்டம். அந்தச் சுருள்களை மண்சட்டியில் அடுக்கி, வெண்ணெயும் க்ரீமும் விட்டு இளஞ்சூட்டில் வைப்பது அடுத்தது. சுருட்டியவுடன் சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஆனால், செய்து பழகிய யாரைக் கேட்டாலும் சட்டியில் பதமானதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

பழைய கிராமத்து வீடுகளில் இந்த வேலையை ‘பிச்’ என்ற பெரிய களிமண் அடுப்பு பார்த்துக்கொண்டது. விறகு எரிந்து அடங்கிய பிறகும் அதன் சுவர்களில் மணிக்கணக்கில் சூடு தங்கியிருக்கும். உள்ளே வைத்த மூடிய சட்டியில், அப்பம் க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து மிருதுவாகும். இன்றைய ஓவனில் அதே பதம் வேண்டுமென்றால் சூட்டைக் குறைத்து, பாத்திரத்தை மூடி, பொறுமையாக விட வேண்டும்.

முதலில் மாவு. அரை லிட்டர் பால், 3 முட்டை, 200 கிராம் மைதா, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. மைதாவில் முட்டையையும் கொஞ்சம் பாலையும் மட்டும் விட்டுக் கெட்டியாக அடித்துக்கொண்டு, மீதிப் பாலைப் பிறகு சேர்த்தால் கட்டி தட்டாது. மாவு ரவா தோசைக்குக் கரைப்பதுபோல நீர்க்க இருக்கட்டும். அரை மணி நேரம் ஊறினால் அப்பம் பிய்யாமல் வரும். சர்க்கரையைக் கூட்டவே கூடாது. வேகும் முன்பே கருகி, வாணலியில் ஒட்டிக்கொள்ளும்.

வாணலிக்கு எண்ணெயைப் பூசினாலே போதும். உக்ரைனில் முட்கரண்டியில் குத்திய பன்றிக்கொழுப்புத் துண்டாலோ, எண்ணெயில் தொட்ட பாதி உருளைக்கிழங்காலோ தேய்ப்பார்கள். காய்ந்த வாணலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மாவை ஊற்றும்போதே சுழற்ற வேண்டும். சில நொடிகளில் மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மங்கும். ஓரம் பழுப்பேறித் தானாகவே எழும்பும். அப்போது கத்தி முனையால் நெம்பினால் முழுசாகக் கையோடு வந்துவிடும். பல வீடுகளில் ஒரு பக்கம் மட்டுமே வேகவைத்து, வெந்த பக்கத்தில் பூரணத்தை வைக்கிறார்கள். மறுபக்கம் ஓவனில் வெந்துவிடும். எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைத்தால், மொறுமொறுத்த ஓரங்களும் ஆவியில் இளகி, சுருட்டும்போது உடையாது.

பலகாரத்தின் வெற்றி பூரணத்தின் ஈரத்தில் இருக்கிறது.

பூரணத்துக்கான உக்ரைனியப் பாலாடைக்கட்டி ‘சிர்’, புளித்த பாலை லேசாகச் சூடாக்கி வடிப்பது. வீட்டிலேயே செய்யலாம். 2 லிட்டர் பாலை உறையூற்றி, சற்றுப் புளித்ததும், அடிகனமான பாத்திரத்தில் கிளறாமல் மிகச் சிறிய தீயில் வைக்க வேண்டும். நீர் தெளிந்து பிரிந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் கட்டி ரப்பராகிவிடும். துணியில் கட்டித் தொங்கவிட்டால் சுமார் 300 முதல் 400 கிராம் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்து செய்யும் பனீரில் இந்தப் புளிப்பும் குழைவும் இருக்காது. சூடாக்காமல் வெறுமனே வடிகட்டிய தயிரோ ஓவனில் இளகி வழியும்.

வடிந்த சிர்ரில் ஒரு சிட்டிகையைக் கிள்ளி உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்று, விரலில் ஈரம் ஒட்டாவிட்டால் பதம் சரி. அதைச் சல்லடையில் தேய்த்து, ஒரு முட்டை மஞ்சள் கரு, வெந்நீரில் ஊறவைத்து ஈரம் துடைத்த ஒரு கைப்பிடி உலர்திராட்சை, கொஞ்சம் வனிலா, துளி உப்பு சேர்க்க வேண்டும். வெள்ளைக் கரு வேண்டாம், பூரணம் தளர்ந்துபோகும். 3 மேசைக்கரண்டி சர்க்கரையைச் சுருட்டப்போகும் நேரத்தில்தான் போட வேண்டும், முன்பே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் ஒரு தேக்கரண்டி ரவை அதை இழுத்துக்கொள்ளும்.

கசகசாப் பூரணம் அங்கே தனிச் செல்லம். ஆகஸ்டில் வரும் மக்கோவியா திருநாளில் கசகசாக் காய்களைப் பூக்களோடு கொத்தாகக் கட்டி, தேவாலயத்துக்கு எடுத்துச்சென்று ஆசீர்வாதம் பெறுவார்கள். வெந்நீரில் ஊறிய கருநீலக் கசகசாவை ‘மக்கித்ரா’ என்ற உட்புறம் சொரசொரப்பான மண்கிண்ணத்தில், பால் கசியும்வரை மரக்குழவியால் அரைத்துத் தேன் சேர்ப்பது வழக்கம். புளிப்புச் செர்ரியை வைப்பதானால் கொட்டை நீக்கி, ஸ்டார்ச் தூவிப் புரட்டிக்கொண்டால் சாறு வெளியே ஓடாது.

ஒவ்வொரு அப்பத்திலும் ஒன்றரை மேசைக்கரண்டி பூரணம் வைத்து, இரு ஓரங்களையும் உள்ளே மடித்துச் சுருட்டி, பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்க வேண்டும். அடுக்குகளுக்கு இடையே மொத்தம் 50 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாக வைத்து, 200 மில்லி க்ரீமை மேலே ஊற்றி மூட வேண்டும். 160 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம்; பிறகு மூடியை எடுத்துவிட்டு 180 டிகிரியில் 10 நிமிடம். க்ரீமுக்குப் பதில் ஸ்மெத்தானா என்ற புளித்த க்ரீமைச் சேர்ப்பதானால் குறைந்தது 20 சதவீதக் கொழுப்பு இருக்கட்டும். கொழுப்பு குறைந்தது சூட்டில் திரிந்துவிடும்.

விருந்துக்கு முன்தினமே சுருட்டி, க்ரீம் ஊற்றாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் வெண்ணெயும் க்ரீமும் சேர்த்து ஓவனில் வைக்கும்போது, பாத்திரம் குளிர்ந்திருப்பதால் 10 நிமிடம் கூட்டிவைக்க வேண்டும். செர்ரிச் சுருள்களை மட்டும் அன்றன்றைக்கே செய்வது நல்லது. இரவெல்லாம் இருந்தால் சாறு ஊறி அப்பம் கிழிந்துவிடும்.