அரசாங்கக் கடன்: ஒரு மனக்கணக்கு

பட்ஜெட் என்றாலே "நமக்கெதுக்குப்பா" என்று பேப்பரைத் திருப்பிவிடுகிறோம். இதற்கு லாக் டேபிள்கூட வேண்டாம், மனக்கணக்கே போதும்.

ஒரு நாட்டின் வருட வருமானம் 100, அரசின் கடன் 60, வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற செலவெல்லாம் வரிப்பணத்திலேயே சரிக்கட்டி, வட்டியை மட்டும் புதுக்கடன் வாங்கிக் கட்டினால், அடுத்த வருடம் கடன் 64.8. நாட்டு வருமானம் 110 ஆக வளர்ந்தால் கடன் விகிதம் 58.9 சதவீதம், குறைந்துவிட்டது! வெறும் 105 தான் என்றால் 61.7. கடனே தப்பு என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆனா கணக்கு இதோட முடியல. ஜப்பான் அரசின் கடன் நாட்டு வருமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தும் தாங்குகிறது. காரணம், பெரும்பகுதி சொந்த நாணயமான யென்னில், உள்நாட்டிலேயே வாங்கிய கடன். 2021-இல் இலங்கையின் விகிதம் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அதில் கணிசமான பங்கு டாலர் போன்ற வெளிநாட்டு நாணயங்களில்! டாலரைக் கொழும்பில் அச்சடிக்க முடியுமா? 2019 டிசம்பரில் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2020-இல் கொரோனா வந்து சுற்றுலா வருமானமும் படுத்துவிட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அரசே அறிவித்தது. பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் கியூவில் கால்கடுக்க நின்றது ஜனங்கள்தான்.