ரசிகை என்றால் கேலியா?

இந்த மாதப் பாடத்தில் நாயன்மார் வரலாறு கடைசியில்தான் வரும். அதற்கு முன் அனிமே, காஸ்பிளே, கணினி விளையாட்டு எல்லாம் வருகிறது. பெரியவர்கள் யாராவது இதழைப் புரட்டினால் முகம் சுளிக்காமல் கடைசிவரை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சுங்கை ஊடாங்கில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் ஒரு நாள், "ஓய்வு நேரத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது என்ன? பெயர் போடாமல் எழுதுங்கள்" என்று தாள் கொடுத்தேன். பையன்கள் ஒரு கட்டு, பெண்பிள்ளைகள் ஒரு கட்டு. பையன்கள் காற்பந்து, மொபைல் லெஜண்ட்ஸ், அனிமே என்று எழுதியிருந்தார்கள். பெண்பிள்ளைகள் கட்டிலும் அதே அனிமேதான். ஆனால் பக்கத்திலேயே சின்ன எழுத்தில், "வீட்டில் தெரியாது", "வரைவேன், வேறு பெயரில் போடுவேன்", "கதை எழுதுவேன், யாரிடமும் சொன்னதில்லை" என்று இருந்தது. பையனுக்குப் பொழுதுபோக்காக இருப்பது பெண்ணுக்கு ஏன் ரகசியமாகிறது? அதைத்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

முதலில் சொற்கள். அனிமே என்பது ஜப்பானிய அசைபடம். மங்கா அதன் சித்திரக்கதை. பிடித்த பாத்திரத்தைப் போலவே உடை தைத்து, முடி அமைத்து வேடம் போடுவது காஸ்பிளே. பிடித்த கதையின் பாத்திரங்களை எடுத்துத் தானே புதுக்கதை எழுதுவது ஃபேன் ஃபிக்‌ஷன். இப்படி ஒன்றில் ஆழ்ந்து, அதன் நுணுக்கமெல்லாம் தெரிந்து வைத்திருப்பவரை ஆங்கிலத்தில் 'கீக்' என்பார்கள். ஒரு காலத்தில் அது வசவுச் சொல். நம் வீட்டில் "கார்ட்டூன் பைத்தியம்" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

இதெல்லாம் பையன்கள் உலகம், பெண்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள் என்று நம் பையன்கள் பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு சொல்கிறது. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் ரசிகர்கள் சொந்தமாக ஓர் இதழ் போட்டார்கள். அதன் ஆசிரியர்கள் இரு பெண்கள். இரண்டாம் பருவத்தோடு தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி பரவியதும் பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து நாடெங்கும் ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தார். மூன்றாம் பருவம் வந்தது. இணையக் காலத்தில் ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்துவைக்க 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற களஞ்சியம் 2009-இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. அதன் மென்பொருளை எழுதிய தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் அந்த வேலைக்காகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்கள். 2019-இல் அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹூகோ அதற்குக் கிடைத்தது. (அங்கே வயதுவந்தோருக்கான கதைகளும் நிறைய உண்டு. தங்கச்சிங்களா, கதையின் மேலே போட்டிருக்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள்.)

அமெரிக்காவரைகூடப் போக வேண்டாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, அதைக் கத்தரித்து, தைத்து, அட்டை போட்டு வைத்தது யார்? நம் பாட்டிமார்தான். வந்தியத்தேவன் அடுத்த வாரம் என்ன ஆவான் என்று கிணற்றடியில் பேசியவர்களும் அவர்களே. அன்று அதற்கு ஃபேன்டம் என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் பின்னே போகிறேன். பாகவதம் பத்தாம் கந்தத்தில் கண்ணன் மறைந்துபோகிறான். பிரிவு தாங்காத கோபியர் என்ன செய்கிறார்கள்? ஒருத்தி பூதனையாக நடிக்கிறாள், இன்னொருத்தி கண்ணனாக. ஒருத்தி தன் மேலாடையை உயர்த்திப் பிடித்து, அதுதான் கோவர்த்தன மலை என்கிறாள். வைணவ உரையாசிரியர்கள் இதை 'அநுகாரம்' என்பார்கள். நேசிப்பவரைப் போலவே ஆகி நடிப்பது. மார்கழியில் நாம் ஓதும் திருப்பாவையையும் அவர்கள் அப்படித்தான் விளக்குகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரே ஆயர்பாடி, தோழியரே கோபியர், ஆண்டாளும் ஓர் இடைப்பெண். பேச்சு, நடை எல்லாம் அதற்கேற்ப.

உடனே சிலர் கோபப்படலாம்: "ஆண்டாளும் அனிமேயும் ஒன்றா?" ஒன்றில்லை. ஆண்டாள் நாடியது பரம்பொருளை; நாம் பார்ப்பது ஒரு நிறுவனம் பணத்துக்காகச் செய்யும் படத்தை. அதை மறந்தால் பாத்திரத்தின் பெயரில் விற்கும் பொம்மைக்கும் சட்டைக்கும் பகுதிநேரச் சம்பளம் பூராவும் போய்விடும். நான் சொல்ல வருவது இதுதான்: ஒன்றை நேசித்து, அதன் வேடம் பூண்டு, தோழியரோடு கூடிப் பாடுவது நம் பெண்களுக்கு வெளிநாட்டிலிருந்து தொற்றிய நோய் இல்லை. 'பைத்தியம்' என்ற சொல்லுக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. சுந்தரர் இறைவனையே பித்தன் என்று அழைத்தவர்.

சரி, இந்த உலகில் நம் பெண்களின் முகம் இருக்கிறதா? நம் நாட்டு 'போபோய்போய்' எல்லாருக்கும் தெரியும். 2011-இல் தொடங்கிய அந்தத் தொடரின் முக்கியக் குழுவில் மலாய்ப் பெண் யாயா, சீனப் பெண் யிங், இந்தியப் பையன் கோபால் இருக்கிறார்கள். இந்தியப் பெண்? இல்லை. எட்டு வயதில் யாயாவாக விளையாடிய நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டேன். கைகள் நிறைய உயர்ந்தன. கோபாலின் தங்கச்சி என்று தானே ஒரு பாத்திரம் உண்டாக்கி விளையாடியதாக ஒரு பிள்ளை சொன்னாள். ஃபேன் ஃபிக்‌ஷன் வேறென்ன?

அந்த வெற்றிடத்தைச் சிலர் நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். 2020-இல் வெளியான 'ராஜி' என்ற விளையாட்டைப் புனே நகரின் ஒரு சிறு குழு செய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுருதி கோஷ். அதில் ஒரு கழைக்கூத்துப் பெண், அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகிறாள். கதை சொல்பவர்கள் துர்க்கையும் திருமாலும்.

என் மனசுக்கு இன்னும் நெருக்கமானது 'வெண்பா'. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மாதான் அதன் நாயகி. வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. கையில் இருப்பது தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு. பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து அழிந்திருக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பதே ஒரு புதிர். நம் வீட்டு அடுப்படியில் தினமும் நடப்பதற்கு 2024-இல் பாஃப்டா விருது கிடைத்தது, சிறந்த அறிமுக விளையாட்டு என்று. கணினி விளையாட்டே பிடிக்காத அம்மாக்களிடம் இதைக் காட்டுங்கள். "அப்படி அடுக்கக்கூடாதுடி" என்று திரையைப் பார்த்துச் சொல்வார்கள்.

இனி கசப்பான பகுதி. ஒரு பெண் தனக்கு இன்ன தொடர் பிடிக்கும் என்றதும் நம் பையன்கள் பரீட்சை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். "அப்படியா? எத்தனாவது எபிசோட்ல அவன் சாவான், சொல்லு?" இன்னொரு பையனிடம் இப்படிக் கேட்பதில்லை. தம்பிகளா, அவள் உங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

வீட்டில் நடப்பது வேறு வகை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்று ஒரே வார்த்தையில் கதவை அடைத்தால், பிள்ளை நிறுத்துவதில்லை, மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறாள். மறைக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். வரையும் படத்தைப் பாராட்டி ஒருவன் வருகிறான், நான்கு வாரம் அன்பாகப் பேசுகிறான், பிறகு வேறு படம் கேட்கிறான். அனிமே பார்ப்பதே தெரியாத வீட்டில் அவள் இதை எப்படிச் சொல்வாள்? "அப்பவே சொன்னேனே" என்ற திட்டுக்குப் பயந்து அவனுக்கே பணிந்துபோவாள். மிரட்டுபவனின் பலமெல்லாம் அந்த ரகசியத்தில்தான் இருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் பாலியல் நோக்கத்தோடு பேசிப் பழகுவதே குற்றம். நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பதில்லை. இணையப் பகடிவதையால் 2024-இல் நம் இனத்துப் பெண் ஒருவரை இழந்தோம். அதன்பின் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 முதல் பகடிவதைக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. செய்தியை அழிக்காதீர்கள். திரைப்படம் பிடித்து வையுங்கள், முழுப்பெயரும் தேதியும் தெரியும்படி. பிறகு நம்பும் ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டில் முடியாவிட்டால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம்.

கிளைகள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. கோலம், மாலை கட்டுதல், பேச்சு என்று பெண்களுக்குப் போட்டி வைக்கிறோம். நல்லதுதான். கூடவே சித்திரக்கதைக்கு ஒரு மேசை போடுங்கள். எங்கள் வகுப்பில் காரைக்கால் அம்மையார் வரலாற்றை எட்டுக் கட்டங்களில் வரையச் சொன்னேன். படிவம் நான்கு படிக்கும் ஒரு பிள்ளை, அம்மையார் தலையால் நடந்து கயிலை ஏறும் காட்சியை மங்கா பாணியில், பக்கத்தையே தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும்படி வரைந்திருந்தாள். மலை கீழே, வானம் காலடியில். அவள் அம்மா அந்தத் தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எப்போ கத்துக்கிட்ட?" என்று கேட்டார். பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது, சொன்னாள்.

வகுப்பில் அதன்பின் எழுந்த வாதம் இன்னும் முடியவில்லை. அம்மையார் தன் அழகே வேண்டாம் என்று பேயுரு கேட்டு வாங்கியவர். அவருக்கு அனிமே பெண்களைப் போலப் பெரிய கண்ணும் கூர்மூக்கும் வைக்கலாமா? "வைத்தால்தான் பார்ப்பார்கள்" என்கிறது ஒரு கட்சி. "அதைத்தானே அவங்க வேண்டாம்னாங்க" என்கிறது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சி. உங்கள் கிளையிலும் வரைந்து பார்த்து, தாள்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.