செவ்வரத்தைக்கு எப்போது தண்ணீர்?

நம் லயத்து வாசலில் நிற்கும் செம்பருத்தியை யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை என்பார்கள். அங்கே வற்றாத ஆறு கிடையாது; கிணற்று நீர்தான். சுண்ணாம்புக்கல்லில் தங்கும் மழைநீருக்குக் கீழே உப்புநீர் இருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் குடிக்கிற கிணறே உவராகிவிடும்.

ஆகவே பருவம் பார்த்து ஊற்ற வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையே போதும்; வேரடியில் தண்ணீர் தேங்காமல் வடித்துவிட வேண்டும். நமது மேற்கு மலைகளுக்கு மழை தரும் தென்மேற்குக் காற்று, அங்கே வறண்ட சோளகமாக வீசும். வைகாசி முதல் ஆவணி வரை காலையில் வேரடி ஊறும்படி ஊற்றி, சருகால் மூட வேண்டும்.

நமக்குத் தை, மாசியில்தான் மண் காயும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க; ஈரமிருந்தா ஊத்த வேண்டாம். காய்ந்திருந்தா அரிசி கழுவின தண்ணியை ஊத்துங்க. பீலித் தண்ணி பிள்ளைகள் குடிக்க இருக்கட்டும்.