பரங்கிக் கொடி

தோட்டம் போட விரும்புவோர் பலர் முதலில் ரோஜாவையே நாடுவர். அது நோயுற்று வாடக் கண்டதும், 'நம் கை ராசியில்லாத கை' என்று கூறி மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுவர். புதிதாக மண்ணில் கைவைப்பவர் பரங்கியிலிருந்து தொடங்குதல் நன்று. அதன் விதை பெரிது, எளிதில் முளைப்பது. அரிசி களைந்த கழுநீரே அதற்குப் பெரிதும் போதும். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது இக்கொடி. ஐரோப்பியரை நம் முன்னோர் பரங்கியர் என்றே அழைத்தனர். வந்த வழியைப் பெயரிலேயே தாங்கி நிற்கின்றதன்றோ!

புறக்கடையில் வெயில் நன்கு படும் இடத்தில், நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1½ அடியாக ஒரு குழி எடுங்கள். மேல்மண்ணோடு நன்கு மக்கிய சாண எருவைக் கலந்து குழியை நிரப்புங்கள். பச்சைச் சாணம் ஆகாது. அது மக்கும்பொழுது எழும் வெப்பம் இளவேரைக் கெடுத்துவிடும். ஓர் அங்குல ஆழத்தில் நான்கைந்து விதைகளை ஊன்றினால், ஒரு வாரத்தில் முளை தோன்றும். வலிய கன்றுகள் இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். இதற்கு எளிதில் மனம் வாராது. ஆயினும் ஐந்தையும் விட்டுவைத்தால் ஒன்றும் உருப்படாது. இளந்தளிரைத் தின்னச் செந்நிற வண்டுகள் வரும். விடியலில் இலைமேல் பனியீரம் இருக்கும்பொழுதே அடுப்புச் சாம்பலைத் தூவினால் அவற்றின் தொல்லை குறையும்.

இவையெல்லாம் எளியனவே. பொறுமைக்குச் சோதனை பூக்கும் காலத்தில்தான் வரும்.

என் பதினோராம் வயதில், ஐப்பசியில் நான் ஊன்றிய விதை மார்கழியில் பூத்தது. பொன்னிறப் பூக்கள் வைகறையில் விரியும், நண்பகலுக்குள் கூம்பும், பின்னர் உதிர்ந்துவிடும். பத்து நாள் பொறுத்தேன். ஒரு பிஞ்சேனும் இல்லை. மலட்டுக்கொடி என்று எண்ணி, அதனைப் பிடுங்கக் குனிந்தேன்.

"அடே அவசரக்காரா! கொஞ்சம் பொறு" என்று பாட்டியார் என் கையைப் பற்றினார். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் காம்பு மெலிந்து நீண்டிருந்தது. "இது ஆண் பூ, இதுதான் முந்தி வரும். அதோ பார், அந்த மொட்டின் அடியில் கோலிக்குண்டு போல் ஒரு பிஞ்சு இருக்கிறதே, அது பெண் பூ. இனிமேல்தான் காய்ப்பு" என்றார். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டு சேர்த்தாலன்றிப் பிஞ்சு நில்லாது. தேனீ வாராத இடத்தில், காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவ வேண்டும்.

நான் இதனைக் கற்றேன், தங்கைக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வாயிற்கோலத்தில் சாண உருண்டைகளின்மேல் பரங்கிப் பூக்கள் வீற்றிருந்தன. மூன்றின் அடியில் பிஞ்சுகள்! அவள்மீது சினந்தேன். "கோலத்துக்கு நீள்காம்புப் பூவைத்தான் பறிக்க வேண்டும் என்று நீ சொன்னாயா?" என்று பாட்டியார் கேட்டார். எனக்கு விடையில்லை.

இலை மறைவில் தப்பிய பெண் பூ ஒன்று இருந்தது. மறுநாள் விடியற்காலையில் தங்கையை அழைத்துச் சென்று, ஆண் பூவை அவள் கையிலேயே கொடுத்துத் தடவச் செய்தேன். நான்கைந்து நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்கியது. ஈரமண் பட்டு அழுகாதபடி அதனடியில் வைக்கோல் பரப்பினோம். மாசிக் கடைசியில் காம்பு காய்ந்தது. தோலில் நகம் இறங்கவில்லை. நெடுநாள் கெடாதிருக்கக் காம்போடு சேர்த்து அறுத்தோம். காயை அரிந்த அன்று, பாட்டியார் முற்றிய விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, பாதியை என்னிடமும் பாதியைத் தங்கையிடமும் கொடுத்தார்.